அடி விழ வேண்டிய நேரம்

எண்பதுகளில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருப் பெண்கள் தாலிச் சங்கிலியை ரவிக்கையோடு சேர்த்து ஊக்குக் குத்திக்கொண்டுதான் வாசல் தெளிக்க வருவார்கள். முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருப்பார்கள். முன்பின் தெரியாதவன் துண்டுச் சீட்டை நீட்டி விலாசம் கேட்டால் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட வேண்டும். பின்னால் பைக் சத்தம் கேட்டால் சுவரோரம் ஒதுங்க வேண்டும். பஸ்ஸில் ஒரு கை கம்பியில் இருந்தால் மறு கை கழுத்தில் இருக்க வேண்டும். பாவாடை தாவணி போடும் வயதுக்குள் இதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

கை வைத்தவனைத் திருப்பி அடிக்கலாம் என்பது அந்தப் பாடத்தில் கிடையாது. அடிக்காதே என்றுகூட யாரும் சொன்னதில்லை. அப்படி ஒரு வழி இருப்பதாகவே வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பல்லவன் பஸ் மட்டும் விதிவிலக்கு. நெரிசலில் உரசுகிறவன் தொடையில் ஊக்கால் குத்தலாம் என்று அக்காக்கள் தங்கைகளுக்கு ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். குத்தியதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். குத்து வாங்கியவனும் வாய் திறக்க மாட்டான், குத்தியவளும் திறக்க மாட்டாள். தன்னைக் காத்துக்கொண்ட பெண் அதைத் திருட்டுத்தனம் மாதிரி மறைக்க வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அத்தைக்கு அது நடந்தது ஒரு மார்கழி விடியலில். மார்கழி என்றால் பெரிய கோலம், நேரம் பிடிக்கும். குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தவளிடம் ஒருவன் சீட்டைக் காட்டி ஏதோ கேட்டான். தெருமுனையில் இன்னொருவன் யெஸ்டி பைக்கை அணைக்காமல் நிறுத்தியிருந்தான். அத்தை நிமிர்வதற்குள் அவன் கை கழுத்துக்கு வந்துவிட்டது. சங்கிலி அறுந்திருந்தால் எடுத்துக்கொண்டு ஓடியிருப்பான். இரண்டு ஊக்கு குத்தியிருந்ததால் அறவில்லை. ரவிக்கை கிழிந்தது, சங்கிலி கழுத்துச் சதையில் இறங்கியது, அத்தை முழங்கால் தேய இழுபட்டாள். அவள் கத்தவும் மறு கையால் தொண்டையை அழுத்தினான். வாசல் தெளித்த இரும்பு வாளி பக்கத்தில் கிடந்தது. அதன் பிடி கைக்கு அகப்பட்டது. விழுந்து கிடந்த நிலையிலேயே வாளியைச் சுழற்றி அவன் காதோரம் ஒரு போடு போட்டாள். அவன் பிடியை விட்டுவிட்டுக் கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். யெஸ்டி பறந்துவிட்டது. அத்தை எழுந்து பின்வாங்கி, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு மறுபடி கத்தினாள். இரண்டாவது அடி அவள் அடிக்கவில்லை.

கதவுகள் அப்போதுதான் திறந்தன. முதல் அலறல் கேட்டபோது தாழ் போட்டிருந்த வீடுகளிலிருந்தெல்லாம் ஆண்கள் வந்தார்கள். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து அவனைக் கம்பத்தோடு கட்டினார்கள். பிறகு ஆரம்பித்தது தர்ம அடி. ஆபீஸ் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, பங்குக்கு ஒன்று வைத்துவிட்டுப் போனார்கள். எதற்காக அடிக்கிறோம் என்று கேட்காமலே அடித்தவர்களை நான் மாடியிலிருந்து பார்த்தேன். அவன் தண்ணீர் கேட்டான். மூன்றாம் வீட்டுப் பாட்டி ஒரு சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள், அவளையும் திட்டினார்கள். கழுத்தில் மஞ்சள் துணியைச் சுற்றிக்கொண்டு அத்தை கீழே இறங்கிவந்து, "போதும், விட்டுடுங்கப்பா, செத்துடப் போறான்" என்றாள். "நீ உள்ள போம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள்.

அன்றைக்கு வீட்டில் திட்டு வாங்கியது அத்தைதான். "பொம்பளை கை நீட்டலாமா? அவன் கையில கத்தி இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்று பாட்டி அழுதாள். கம்பத்தில் கட்டியவனை அடித்தவர்களுக்கு எங்கள் கூடத்தில் காபி கொடுத்து உபசரித்தார்கள். மாமாவும் அப்பாவும் அத்தையைக் கூட்டிக்கொண்டு புகார் கொடுக்கப் போனபோது நானும் போனேன். மகளிர் காவல் நிலையம் என்று ஒன்று தமிழ்நாட்டில் அப்போது கிடையாது, முதலாவது ஆயிரம் விளக்கில் வந்தது 1992இல். ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனுஷர். அத்தையை உட்காரச் சொல்லி, எல்லாம் கேட்டுவிட்டு மாமாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "வாளி விஷயத்தை விட்டுடலாம் சார். எழுதினா அந்தம்மாவும் கோர்ட்டுக்கு அலையணும்." புகாரில் வாளி இல்லை. பிடிபட்டவனின் உடைந்த பல்லுக்கும் வீங்கிய முகத்துக்கும் தப்பி ஓடும்போது கீழே விழுந்தது காரணம் என்று ஆனது. அடித்த தெருவின் பெயர் எங்கும் இல்லை.

செய்ய உரிமை இருந்த காரியத்தைச் செய்தவள் அத்தை ஒருத்திதான். அதை மறைத்தார்கள். எந்த உரிமையும் இல்லாத காரியத்தைத் தெருவே சேர்ந்து செய்தது. அதையும் மறைத்தார்கள், ஆனால் பெருமையோடு. இது எனக்குச் சட்டக் கல்லூரியில் புரிந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளை முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் தெருவில் படித்தவர்களுக்குக் குறைவில்லை, அரசு உத்தியோகத்தில் இருந்தவர்கள் பாதிப்பேர். இந்தப் பதினோரு பிரிவுகள் ஒருவர் வாயிலும் வந்ததில்லை.

அந்தச் சட்டத்தின் முதல் வரைவை மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் முடித்தது. 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. வரைந்தவர்கள் தற்காப்பு பற்றி எழுதிய குறிப்பில் ஒரு கவலை தெரிகிறது. இந்த மக்கள் உரிமையை மீறி அடித்துவிடுவார்களே என்பதல்ல அது. கொள்ளைக்கூட்டம் வந்தால் திருப்பி ஒரு கை ஓங்காமல் பொறுத்துப்போகிறார்களே என்பது. அதனால் தற்காப்புக்கு அதிகம் கடிவாளம் போடாமல் விட்டார்கள். அதே ஆட்சி 1878இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்து மக்கள் கையில் இருந்த ஆயுதங்களையும் பிடுங்கியது என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவர்கள் கவலையின் எல்லை அதோடு முடிந்தது. ஆனால் எழுதிவைத்த உரிமை நிலைத்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபிறகு அது 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. எண்கள் மாறின, சாரம் மாறவில்லை.

அதன் சாரத்தை, நான் சட்டம் சொல்லித்தரும் தற்காப்பு வகுப்புகளில் இப்படிச் சொல்வேன். தற்காப்புக்காகச் செய்த எதுவும் குற்றமில்லை. உங்கள் உடம்பை மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் யாருடைய உடம்பையும் நீங்கள் காப்பாற்றலாம். உங்கள் பொருளையும் அடுத்தவர் பொருளையும் திருட்டு, கொள்ளையிலிருந்து காக்கலாம். உயிர் போய்விடும், படுகாயம் பட்டுவிடும், பலாத்காரம் நடக்கும், கடத்திப் போய்விடுவார்கள், ஆசிட் ஊற்றிவிடுவார்கள் என்கிற நியாயமான பயம் இருந்தால், தடுக்கும்போது எதிராளி உயிரே போனாலும் சட்டம் உங்கள் பக்கம். ஆசிட் வீச்சை 2013இல் சேர்த்தார்கள். பயம் எப்போது தொடங்குகிறதோ அப்போதே உரிமையும் தொடங்கிவிடும். முதல் குத்து விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பயம் எப்போது தீர்கிறதோ அப்போது உரிமையும் தீர்ந்துவிடும். தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது. போலீஸை அழைக்க அவகாசம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது.

சங்கிலிப் பறிப்பு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு, அது வக்கீல்களின் கவலை மட்டுமல்ல. பொருளைப் பிடுங்கும்போதோ கொண்டுபோகும்போதோ காயம் உண்டாக்கினால், உண்டாக்கப் பார்த்தால், அந்த இடத்திலேயே காயம் படும் என்று பயமுறுத்தினால் அது வழிப்பறிக் கொள்ளை. கொள்ளையைத் தடுக்கையில் உயிர்ச்சேதம் ஆனாலும் தற்காப்பு பொருந்தும். புதிய சட்டத்தின் 304ஆம் பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாக்கி மூன்று ஆண்டு வரை தண்டனை வைத்தது. நல்லதுதான். ஆனால் அந்தப் பிரிவின்படி பறிப்பு என்பது திருட்டில் ஒரு வகை. வெறும் திருட்டைத் தடுக்கும் உரிமை உயிர்ச்சேதம் வரை நீளாது. அதனால் கழுத்தறுபட்டு ரத்தம் வழிய நிற்கும் பெண்ணின் புகாரை 304 மட்டும் போட்டு முடித்துவிட்டால், அவள் திருப்பி அடித்த அடி நாளைக்கு நீதிமன்றத்தில் அதிகப்படியாகத் தெரியும். காயம் புகாரில் ஏற வேண்டும். நான் இதைச் சொல்லும்போது காவல் துறை நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

அளவு மீறினாரா என்பதை எப்படிப் பார்ப்பது? தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் பத்துக் கோட்பாடுகளை வகுத்துக்கொடுத்தது. உயிருக்குப் பயந்து நிற்பவன் எதிர்த்து அடிக்கும் அடியைத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது, தப்பியோட வழியிருந்தால் ஓடித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தகப்பனை வெட்ட வந்தவரைச் சுட்ட மகனின் வழக்கு அது. சம்பவம் நடந்தது 1991இல், இறுதி விடுதலை 2010இல். கோட்பாட்டைச் சொல்லும்போதெல்லாம் அந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். உரிமை இருக்கிறது என்பதும் அதை நிரூபிக்க ஆகும் காலமும் இரண்டும் உண்மை. நிரூபிக்கும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான் விழுகிறது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, அப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்பது ஓர் ஆறுதல்.

எங்கள் தெருவின் காபி உபசாரம் என் மனதிலிருந்து போகாததற்குக் காரணம், அந்த வகை வீரம் இன்னும் நம் ஊரில் செல்லுபடி ஆகிறது என்பதுதான். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து போன குடும்பத்தைச் சுற்றிவளைத்து அடித்தார்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அந்தக் குடும்பத்து மூதாட்டி செய்தது. அடியிலேயே இறந்துபோனார். அடித்தவர்களைக் கேட்டால் ஊரைக் காப்பாற்றினோம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். யாருக்கும் அங்கே அந்த நிமிஷத்தில் ஆபத்து இல்லை. கட்டிப்போட்டவனை, கீழே விழுந்தவனை, சந்தேகப்பட்டவனைக் கூட்டமாக அடிப்பதில் தற்காப்பு ஒரு துளியும் கிடையாது. அது குற்றம். ஊர் கூடிச் செய்தாலும் குற்றம்தான்.

கூட்டம் வேண்டியிருந்த இடம் ஒன்று உண்டு. 2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போக நின்றிருந்த இளம்பெண்ணை ஒருவன் அரிவாளால் வெட்டினான். பிளாட்பாரத்தில் பயணிகள் இருந்தார்கள். வெட்டியவன் நடந்தும் ஓடியும் போய்விட்டான். கண்காணிப்புக் கேமராகூட அங்கே அப்போது இல்லை. அரிவாள் முன்னால் யாராவது பாய வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு பையை வீசினாலும், நான்கு பேர் சேர்ந்து கத்திக்கொண்டு முன்னேறினாலும் சட்டம் அவர்களோடு நின்றிருக்கும். அடுத்தவர் உடம்பைக் காப்பதற்கான உரிமை அந்தப் பிளாட்பாரத்தில் நின்ற ஒவ்வொருவரிடமும் இருந்தது. மாம்பலத்தில் சும்மா இருந்த கதவுகளும் எனக்கு அப்படித்தான்.

இந்த நாற்பது ஆண்டில் ஒன்றுமே மாறவில்லை என்று சொன்னால் அது பொய். 2012இல் மதுரையில், மகளிடம் தப்பாக நடக்க முயன்ற குடிகாரக் கணவனை மனைவி கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அவர் இறந்தார். அப்போதைய எஸ்.பி. அஸ்ரா கார்க், இந்திய தண்டனைச் சட்டத்தின் நூறாவது பிரிவின்படி இது தற்காப்பு என்று சொல்லி அந்தத் தாயை விடுவித்தார். நீதிமன்றத்தில் தலைமுறைக் கணக்கில் நடந்திருக்கக்கூடிய வழக்கு விசாரணைக் கட்டத்திலேயே தீர்ந்தது. 2021 தொடக்கத்தில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பக்கம், கத்தியைக் காட்டிப் பலாத்காரம் செய்ய வந்தவனை எதிர்த்துப் போராடியதில் அவன் இறந்துபோக, பத்தொன்பது வயதுப் பெண்ணையும் அதே பிரிவைச் சொல்லி விடுவித்தார்கள். இந்தச் செய்தி வந்த அன்று நீதிமன்ற வளாகத்தில் கிளார்க் பையன்கள்கூட நூறாவது பிரிவைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

2019 ஆகஸ்டில் தென்காசிச் சீமையில், கடையம் அருகே ஒரு வயதான தம்பதி. வீட்டு முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் கழுத்தைப் பின்னாலிருந்து துண்டால் இறுக்கினான் முகமூடிக்காரன். சத்தம் கேட்டு வெளியே வந்த மனைவி கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தார். செருப்பு, பிளாஸ்டிக் நாற்காலி, எது கிடைத்தாலும். அரிவாளோடு நின்ற இரண்டு பேரை அந்தத் தம்பதி பின்வாங்க வைத்ததைக் கேமராவில் நாடே பார்த்தது. அந்தச் சுதந்திர தினத்தில் அரசு அவர்களுக்கு வீரதீரத்துக்கான விருது கொடுத்தது. அந்த அம்மாவின் சங்கிலி போனது போனதுதான், கையில் வெட்டும் பட்டது. ஆனால் அவர் அடித்ததை விட்டுவிட்டுப் புகார் எழுதலாம் என்று யாரும் சொல்லவில்லை. வீடியோவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் எனக்குப் பிடித்தது அவர்கள் எறிவதை நிறுத்தும் இடம். திருடர்கள் ஓடத் தொடங்கியதும் தம்பதி வாசலோடு நின்றுவிடுகிறார்கள்.

நிறுத்தும் இடம் எல்லோருக்கும் அவ்வளவு சுலபமாக வாய்ப்பதில்லை. என்னிடம் இப்போது ஒரு கட்சிக்காரர், உணவு டெலிவரி செய்யும் பையன். வேளச்சேரிப் பக்கம் இரவில் பைக்கில் வந்த இரண்டு பேர் மறித்துக் கத்தியை இடுப்பில் வைத்து போனைக் கேட்டார்கள். தர மறுத்ததும் முன்னங்கையைக் கிழித்தார்கள். பையன் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்திலேயே அடித்தான். ஒருவன் விழுந்தான், கத்தி சாலையோரக் கால்வாய்ப் பக்கம் தெறித்தது, மற்றவன் ஓடிவிட்டான். எதிரே இருந்த மருந்துக்கடைக் கேமரா எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது. இதுவரைக்கும் சட்டம் முழுக்கப் பையன் பக்கம். அதற்குப் பிறகும் படம் ஓடுகிறது. விழுந்தவன் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறான், இவன் உதைத்துக்கொண்டே இருக்கிறான். விலா எலும்பு முறிந்தது. அதனால் கேஸும் உண்டு, கவுன்ட்டர் கேஸும் உண்டு. ஒன்றில் அவன் புகார்தாரர், மற்றதில் அவன்தான் முதல் எதிரி. "என்னைக் குத்த வந்தவன் அவன். நான் எப்படிக்கா அக்யூஸ்ட்?" என்று கேட்கிறான். கையில் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. ரத்தம் சொட்டும்போது பயம் பொத்தானை அமுக்கினால் அணைகிற விளக்கல்ல என்று நான் வாதாடுவேன், அதை முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் அரசுத் தரப்பு அந்தக் கடைசிப் பகுதியைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டும். வழக்கு நடக்கிறது, இதற்கு மேல் எழுதுவது முறையல்ல.

அதே தற்காப்புப் பிரிவுகளைச் சீருடைக்காரர்களும் நாடுகிறார்கள். 2025 மார்ச் 25 காலை தென்சென்னையில் அடுத்தடுத்துப் பல இடங்களில் நடைப்பயிற்சிக்கும் கடைக்கும் போன பெண்களின் சங்கிலிகள் பறிபோயின. சந்தேகிக்கப்பட்டவர்களை விமான நிலையத்திலேயே பிடித்தது காவல் துறை. அந்த வேகத்தை யாரும் பாராட்டத்தான் வேண்டும். மறுநாள் விடிவதற்குள் அவர்களில் ஒருவர் தரமணியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நகையை மீட்கக் கூட்டிப்போன இடத்தில் அவர் துப்பாக்கி எடுத்துச் சுட்டதால் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். என் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. பறிகொடுத்த பெண்களில் சிலர் அத்தை வயது. அவர்கள் வலி எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கைதட்டலில் கொடிக்கயிற்றையும் கம்பத்தையும்தான் நான் பார்த்தேன். போலீஸாருக்கும் உயிர் உண்டு, தற்காப்பு உண்டு. அது தற்காப்புதானா என்பதைச் சொந்தத் துறையின் அறிக்கை முடிவு செய்ய முடியாது. என்கவுன்ட்டர் சாவு என்றால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், சம்பந்தப்படாத குழு விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும், சூட்டோடு சூடாகப் பதவி உயர்வோ விருதோ கூடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஹெல்மெட்டால் அடித்த பையன் ஒவ்வொரு அடிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். துப்பாக்கிக்கும் அதே கேள்வி உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடக்கிறது. கராத்தே மாஸ்டர் ஒரு பெண். நான் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். மாஸ்டர் முதலில் சொல்லித்தருவது கத்துவது. வயிற்றிலிருந்து குரல் வர வேண்டும், "அய்யோ" என்று அல்ல, "விடுடா" என்று. பாதிப் பேருக்கு முதல் நாள் குரலே எழும்பாது. அடுத்து மணிக்கட்டு. பிடித்தவனின் நான்கு விரல் பக்கம் இழுத்தால் வராது, கட்டைவிரல் பக்கம்தான் பிடி தளர்ந்திருக்கும். அந்தப் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை மடக்கி, உடம்போடு சேர்த்து ஒரே இழுப்பு. எழுபது வயதில் ஒரு அம்மா முதல் தடவை அப்படி விடுவித்துக்கொண்டு, மாஸ்டர் கையைப் பார்த்து, தன் கையைப் பார்த்து, "இன்னொரு தரம் புடிங்க" என்றார். சங்கிலியை ஊக்குப் போட்டு மாட்டாதீர்கள் என்பதையும் மாஸ்டர்தான் சொல்வார். சங்கிலி அறுந்து போகட்டும், கழுத்து போகக் கூடாது. பொருளை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் பின்னால் ஓட வேண்டாம், வண்டி எண்ணைப் பாருங்கள். தொண்டையில் கை வைத்தால், இழுத்துப்போகப் பார்த்தால், கத்தி தெரிந்தால் கணக்கே வேறு. அப்போது கையில் கிடைத்ததால் அடியுங்கள், விட்டதும் ஓடுங்கள்.

அதற்குப் பிறகு என் முறை. 112 அல்லது 100. முதலில் ஆஸ்பத்திரி, ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், வாங்குங்கள். கழுத்துச் சிராய்ப்பு சின்னதாக இருந்தாலும் டாக்டர் எழுத வேண்டும். கிழிந்த ரவிக்கையைத் துவைக்காதீர்கள், அறுந்த சங்கிலித் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். அவன் என்ன சொன்னான், கையில் என்ன வைத்திருந்தான், உங்களுக்கு எதனால் உயிர்ப்பயம் வந்தது என்பதைச் சொல்லுங்கள். நீங்கள் அடித்ததை மறைக்காதீர்கள். எதனால், எங்கே, எத்தனை தரம் அடித்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அது உங்களைக் காக்கும். மறைத்துவிட்டுக் கேமராவில் வெளிவந்தால் வக்கீல் படாத பாடு பட வேண்டும்.

ஒரு கல்லூரி மாணவி போன மழைக்காலத்தில் அதைச் செய்து காட்டினாள். டியூஷன் முடிந்து வரும்போது முகத்தை மறைத்த ஒருவன் பையைப் பிடித்து இழுத்து அவளைச் சுவரோடு அழுத்தியிருக்கிறான். பெப்பர் ஸ்ப்ரேயை அவன் கண்ணில் அடித்துவிட்டு ஓடிவந்து எனக்குப் போன் செய்தாள். ஸ்டேஷனில் ரைட்டர், அவரும் நல்ல மனுஷர்தான், "ஸ்ப்ரே அடிச்சதெல்லாம் வேண்டாம்மா, பையைப் புடுங்க வந்தான்னு மட்டும் எழுதிக்கலாம்" என்றார். நான் வாய் திறக்கும் முன் அவள், "இல்ல சார், அதையும் எழுதுங்க. சுவத்துல வச்சு அழுத்தினான், மூச்சு முட்டிச்சு, அதனால அடிச்சேன். ஒரு தரம்தான் அடிச்சேன்" என்றாள். ரைட்டர் என்னைப் பார்த்தார். பிரிவு எண்ணைச் சொன்னேன், முப்பத்தி நான்கு. எழுதினார். ஸ்ப்ரே எங்கே வாங்கியது என்று கேட்டார், போனில் இருந்த ரசீதைக் காட்டினாள், அதையும் இணைத்துக்கொண்டார். ஆள் இன்னும் அகப்படவில்லை. தெருவில் மாட்டியிருந்த இரண்டு கேமராக்களில் ஒன்று வேலை செய்யவில்லை, அதற்காக வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுத்திருக்கிறோம்.

அவளுடைய அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர், விடியற்காலை நாலரைக்குக் கிளம்புவார். வகுப்புக்கு வர ஆசை, ஆனால் ஞாயிறு மாலையும் வேலை. அவரைப் போல இன்னும் சிலர் கேட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இன்னொரு வகுப்பு வைக்கிறோம். பூங்காவில் அந்த நேரத்துக்கு வெயில், அதனால் பக்கத்துச் சமூகக்கூடத்தைக் கேட்டிருக்கிறோம். சாவி கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.